பத்திரத்துக்குள் ஒரு கிணறு

நம் ஊர்ப் பக்கம் ஒருவர் வீடு வாங்கப் போகிறார் என்றால் சொந்தபந்தம் அவரிடம் கேட்கும் கேள்விகளை ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எந்த ஏரியா? எத்தனை செண்ட்? வாசல் கிழக்கா வடக்கா? அப்ரூவல் இருக்கா? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? லோன் கிடைக்குமா? தெருக்குத்து இல்லையே? இப்படியே பதினேழு கேள்வி வந்தது. "வீடு எதுக்கு மேல நிக்குது?" என்ற கேள்வி மட்டும் அதில் இல்லவே இல்லை.

நான் பி.காம். இறுதியாண்டு. அஸ்திவாரத்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று சிவில் படிக்கிற நண்பர்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள் :-) ஒரு வருடமாக எங்கள் வீட்டில் வீடு பார்க்கும் படலம் நடக்கிறது. சின்னமனூருக்கும் தேனிக்கும் நடுவில் இதுவரை பதினொரு வீடு பார்த்துவிட்டோம். அப்பா போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். இருபத்தாறு வருட வேலை, முதிர்ந்த இரண்டு எல்.ஐ.சி. பாலிசி, அம்மாவின் சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்து 14 லட்சம். மீதிக்கு வங்கிக் கடன். அப்பாவுக்கு வயது 53. கடன் முடியும்போது அவர் வேலையில் இருக்க மாட்டார். அதாவது இந்த வீட்டின் கடைசித் தவணைகளை நான்தான் கட்டப்போகிறேன். ஆகவே எனக்குத் தகுதி இருக்கிறது.

வீடு பார்க்கப் போகும்போது வேலையைப் பிரித்துக்கொள்வோம். அம்மா அடுப்படியைப் பார்ப்பார். அப்பா விலை பேசுவார். பத்திர ஜெராக்ஸ் கட்டு என் கையில் இருக்கும். கட்டிடத்தைப் பார்க்க அப்பாவின் பால்ய நண்பர் ஒருவர் வருவார். கொத்தனாராக முப்பது வருடம் வேலை பார்த்தவர், எனக்கு மாமா முறை. இதில் நான் சொல்லப்போகும் பாதி விஷயம் அவர் சொன்னது. மீதிப் பாதி அந்த ஜெராக்ஸ் கட்டிலிருந்து வந்தது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வீடு வாங்குவது பற்றி எழுதும் புத்தகங்களில் பேஸ்மெண்ட் என்றால் தரைக்கு அடியில் இருக்கும் அறை. அதில் தண்ணீர் கசிகிறதா என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. நம் ஊரில் பேஸ்மெண்ட் அல்லது பேஸ்மட்டம் என்றால் தரைக்கு மேலே தெரியும் அந்த இரண்டு மூன்று அடி மேடை. "பேஸ்மட்டம் மூணடி தூக்கியிருக்கோம் சார்" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். மேலே தெரிவது வெறும் பெட்டி. நாலு பக்கம் கட்டி உள்ளே மண் கொட்டி நிரப்பியது. அந்தப் பெட்டி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே கொட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கினார்களா என்பதுதான் கேட்க வேண்டியது. மாமா கணக்குப்படி அரையடி, முக்காலடி உயரத்துக்கு மண் போட்டு, நனைத்து, இடித்து, மறுபடி போட வேண்டும். டிப்பரில் கொண்டுவந்து ஒரே நாளில் மூன்றடியும் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டினால் இரண்டு வருடத்தில் தரை இறங்கும். சுவர் அப்படியே நிற்கும். சுவரோரம் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கும் தரைக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழும். நாங்கள் பார்த்த பதினொன்றில் மூன்று வீட்டில் அது இருந்தது. இரண்டு வீட்டில் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள்.

தரைக்கு அடியில் அறை நம் வீடுகளில் கிடையாது. ஆனால் சம்ப் இருக்கிறது! தண்ணீர்த் தொட்டிதான் நம் வீட்டின் உண்மையான பேஸ்மெண்ட். அதன் உபயோகத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் திராட்சையும் மேகமலையும்தான் நினைவுக்கு வரும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்து தண்ணீர் கிழக்கே திரும்பியதிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் அடிமடி நெல் வயல்தான். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை என்று ஒவ்வொரு வருடமும் தண்ணீர் திறக்கும்போது செய்தியில் படிக்கிறோமே, அதேதான். நூறு வருடத்துக்கு மேல் தண்ணீர் கட்டி உழுது சேறாக்கிய மண். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நெல்லுக்கு அது வரம். வீட்டுக்கு அது வரமா என்று கேட்டால் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

முடியாது என்று அர்த்தமில்லை. சுருங்கி விரியும் மண்ணில் வீடு கட்ட வழி இருக்கிறது. கரிசல் மண்ணுக்கென்றே அடியில் குமிழ் மாதிரி பருத்த கான்கிரீட் பைல் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே உருவாக்கியது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வானம் தோண்டும்போது கெட்டித்தரை வரும்வரை தோண்டினால் போதும் என்பது மாமாவின் கட்சி. அஸ்திவாரம் இயற்கையான தரைமட்டத்திலிருந்து குறைந்தது 50 செண்டிமீட்டராவது கீழே போக வேண்டும் என்று இந்தியத் தரக் குறியீடு 1904 சொல்கிறது. இதில் "இயற்கையான" என்ற சொல்லைக் கவனியுங்கள். வயலை மனையாக்கும்போது நாலடி கிராவல் கொட்டி ரோட்டு மட்டத்துக்கு உயர்த்துகிறார்கள். அதற்கு மேலிருந்து நாலடி தோண்டினால் கடைக்கால் வயலின் மேல்தோலில்தான் போய் நிற்கும். "அஞ்சடி தோண்டியிருக்கோம்" என்று யாராவது சொன்னால் "எங்கேயிருந்து அஞ்சடி?" என்று கேளுங்கள். ஏழாவது வீட்டில் நான் அதைக் கேட்டபோது புரோக்கர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

சரி, மேலே வீடு கட்டியாயிற்று. கீழே வயலா, மேட்டு நிலமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் என் பாடம் உதவிக்கு வருகிறது.

பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் நாம் ஒரே ஒரு கேள்விக்காகத்தான் படிக்கிறோம்: இது யாருடையது? அதே காகிதங்கள் இது என்ன நிலம் என்ற கேள்விக்கும் பதில் சொல்கின்றன. பட்டாவில் நன்செய், புன்செய் என்று தனித்தனிப் பத்தி இருக்கிறது. வரி போடுவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் பிரித்தது. ஆனால் வீடு வாங்குகிறவனுக்கு அது இலவச மண் பரிசோதனையின் முதல் வரி. மனைப் பட்டாவாக மாறியிருந்தால் அதற்கு முந்தைய பத்திரத்தைத் தேட வேண்டும். அ-பதிவேட்டில் பக்கத்து சர்வே எண்களையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு, ஓடை, குளம் என்று வந்தால் மழைக்காலத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்துவிடும். புலப்பட வரைபடத்தில் வாய்க்கால் கோடாகவே இருக்கும். இவை எல்லாம் அரசின் இணையதளத்தில் பைசா செலவில்லாமல் பார்க்கக் கிடைப்பவை.

பழைய பத்திரங்களின் சொத்து விவரம் இன்னும் சுவாரஸ்யம். இப்போதைய பத்திரத்தில் "பிளாட் எண் 23, கிழமேல் 30 அடி, தென்வடல் 50 அடி" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய பத்திரத்தில் வரப்பு, வாய்க்கால், தென்னை, களம் எல்லாம் வரும். பத்திரம் எழுதியவர் அந்த இடத்தில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கும்.

எட்டாவது வீட்டுக்கு வந்துவிட்டேன். வடக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை, 30-க்கு 50 மனை, கட்டி ஒன்றரை வருடம். கட்டி விற்பவர் ஒருவர் கட்டியது. விலை 34 லட்சம். அம்மாவுக்கு அடுப்படி ரொம்பப் பிடித்துவிட்டது. கிழக்குப் பார்த்த ஜன்னல், கருப்பு கிரானைட் மேடை, சாமான் வைக்கத் தனி அறை. இதுவரை வாடகை வீடுகளில் அம்மா சமைத்த இடங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆசை புரியும். அப்பாவும் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார். வக்கீல் ஒபீனியன் சுத்தம். வில்லங்கம் இல்லை. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் மனை முறைப்படுத்தப்பட்டிருக்கிறது.

1987-ம் வருடத் தாய்ப்பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் நஞ்சை அளவுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. மேற்படி நிலத்திலுள்ள கிணறு, மோட்டார் பம்புசெட், மின் இணைப்பு இவற்றில் மூன்றில் ஒரு பங்கு பாத்தியம்.

நாங்கள் அந்த மனைப் பிரிவை இரண்டு தடவை சுற்றி வந்திருக்கிறோம். கிணறு எதையும் பார்க்கவில்லை.

புரோக்கரிடம் கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம் பாப்பா, இப்பத்தான் எல்லாரும் போர் போட்டாச்சே" என்றார். போர் போட்டது சரி, கிணறு எங்கே போயிற்று? வீட்டுக்கு வந்து புலப்பட வரைபடத்தை எடுத்தேன். அந்த சர்வே எண்ணின் கிழக்கு எல்லையோரம் கிணற்றுக்கான குறி தூர அளவோடு இருந்தது. மனைப் பிரிவு வரைபடத்தை அதே அளவுக்கு டிரேசிங் தாளில் வரைந்து மேலே வைத்துப் பார்த்தேன். ஸ்கேல் கணக்குப் போடுவதில் இரண்டு மணி நேரம் போனது. நாலைந்து அடி முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் அந்தக் குறி விழுந்தது நாங்கள் பார்த்த மனையின் தென்கிழக்கில்தான். அடுப்படியும் மாடிப்படியும் இருக்கும் இடம்.

தோட்டக் கிணறு பார்த்திராதவர்களுக்காக: இது உறைகிணறு இல்லை. நம் பக்கம் பாசனக் கிணறு இருபது இருபத்தைந்து அடி அகலத்துக்கு வெட்டியிருப்பார்கள். முப்பதடி அகல மனையில் அது எவ்வளவு இடத்தை விழுங்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு மறுபடி போனோம். இந்தத் தடவை மாமா வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு கோடு. பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மேலே காலண்டர் மாட்டியிருந்தது. விரல் முட்டியால் தட்டினார். அந்தக் கோட்டின் மேல் மட்டும் சத்தம் வேறு. வெளியே வந்து மாடிப்படி சுவரோடு சேரும் இடத்தைக் காட்டினார். என் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மேலே அகலம், கீழே குறுகல்.

"கிணத்தை நல்லா மூடி, பில்லர் போட்டுத்தான் சார் கட்டியிருக்கோம். ஒண்ணும் ஆகாது" என்றார் விற்பவர். நாங்கள் அதுவரை அவரிடம் கிணறு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை! விரிசல் என்றுதான் கேட்டோம்.

"எதைப் போட்டு மூடுனீங்க?" என்று மாமா கேட்டார். "மண்ணுதான்ணே." "என்ன மண்ணு?" பதில் இல்லை. "பில்லர் எவ்வளவு ஆழம்? இஞ்சினியர் டிராயிங் இருக்கா?" இருந்தது வாசல் முகப்பின் டிராயிங் மட்டும்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா விளக்கினார். வீடு முழுக்க மெத்து மண்ணில் நின்றால்கூட ஓரளவு பரவாயில்லை, மொத்தமாகக் கொஞ்சம் இறங்கும். பாதி கெட்டித்தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்பதுதான் மோசம். ஒரு பாதி நிற்கும், மறுபாதி இறங்கும், நடுவில் சுவர் கிழியும். நாற்பதடிக் கிணற்றில் கொட்டிய மண்ணும் கட்டிட இடிபாடும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. கிணற்றின் மேலேயே பாலம் மாதிரி பீம் போட்டுக் கட்டலாம், பைல் இறக்கலாம், எல்லாம் முடியும். கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும், செலவாகும், செய்ததற்கு வரைபடம் இருக்க வேண்டும். மூடிய பிறகு கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை என்பதால் காகிதம் ஒன்றுதான் சாட்சி.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வீரபாண்டி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை.

அப்பா அந்த வீட்டை விட்டுவிட்டார். புரோக்கரைக் கூப்பிட்டு, "அடுத்து வர்றவங்ககிட்ட கிணத்தைச் சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னார். தை மாதம் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். அவர்களிடம் சொன்னாரா என்பது தெரியாது.

எல்லா விரிசலும் பயப்பட வேண்டியது இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்குத்தாக மயிரிழைக் கோடு விழுந்தால், இரண்டு வெவ்வேறு சாமான் வெயிலில் வேறு வேறு மாதிரி விரிவதால் வருவது. மேல்தளத்துக்குக் கீழே படுக்கை வாட்டத்தில் ஓடுவதும் பெரும்பாலும் வெயில் வேலைதான். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரியோ இறங்குவதும், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருப்பதும் அடியில் எதுவோ நகர்கிறது என்று சொல்பவை. பிரிட்டனில் கட்டிட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோல்படி 5 மில்லிமீட்டர் வரை லேசான சேதம், 5-லிருந்து 15 வரை நடுத்தரம். அளவைவிட முக்கியம் அது இன்னும் வளர்கிறதா என்பது. குடியிருக்கும் வீடு என்றால், விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். விற்பவர் சம்மதித்தால் அதுவே நல்ல அறிகுறி.

அடுத்தது ஓதம். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். செங்கல்லும் பூச்சும் அடியிலிருக்கும் ஈரத்தைத் திரி மாதிரி உறிஞ்சி மேலே ஏற்றும். பெரும்பாலும் மூன்றடி உயரத்துக்குள் நிற்கும். ஈரம் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கும், பெயிண்ட் அப்பளமாக உரியும். பேஸ்மட்டத்துக்கு மேல், சுவர் தொடங்கும் இடத்தில் ஓதம் தடுக்கும் ஓர் அடுக்கு போட்டிருந்தால் இது வராது. அதற்காகும் செலவு கட்டும்போது சொற்பம். கட்டிய பிறகு போடுவது பெரும்பாடு. இதை மறைக்க இப்போது ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஹாலில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ்! குளியலறைக்கு சரி, அடுப்படிக்கு சரி, ஹாலில் சாமி படத்துக்குக் கீழே எதற்கு டைல்ஸ்? அழகுக்கு என்பார்கள். அழகுக்காகவும் இருக்கலாம். பக்கத்து அறையின் பீரோவை நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள்.

எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். நம் ஊரில் எல்லோரும் சித்திரை, வைகாசியில்தான் வீடு பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு, மழை கிடையாது. அந்த மாதங்களில் வாய்க்காலில் தண்ணீரும் இருக்காது. வயல் வெடித்துக் கிடக்கும். எந்த வீடும் அப்போது காய்ந்துதான் இருக்கும். வழக்கமாக ஜூன் வாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். பக்கத்து மனை இன்னும் வயலாகவே இருந்தால் அதில் தண்ணீர் கட்டி நடவு நடும், உங்கள் வீடு நடுவில் தீவு மாதிரி நிற்கும். அப்போது பாருங்கள் சுவரை. ஐப்பசி அடைமழைக்குப் பிறகு பார்ப்பது இன்னும் நல்லது.

சம்ப் கதை இதோடு சேர்ந்தது. மாமா ஒவ்வொரு வீட்டிலும் சம்ப் மூடியைத் திறக்கச் சொல்வார். முடிந்தால் மோட்டார் போட்டுத் தண்ணீரை முழுக்க எடுத்துவிட்டு, குழாயையும் அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து பார்ப்பார். காலி தொட்டியில் தண்ணீர் ஊறியிருந்தால் நிலத்தடி நீர் தொட்டி மட்டத்துக்கு மேலே நிற்கிறது, சுவரும் கசிகிறது என்று அர்த்தம். செப்டிக் டேங்க் பத்தடி தூரத்தில் இருந்தால் அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து ஊறுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேனி டவுனில் தரைக்கு அடியில் கடையோ பார்க்கிங்கோ உள்ள கட்டிடம் வாங்குகிறவர்களுக்கும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. அங்கே நீர்த்தடுப்பைச் சுவரின் வெளிப்பக்கம், மண் மூடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். உள்பக்கம் பூசும் ரசாயனம் வெளியிலிருந்து தள்ளும் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் உள்ளே வந்தால் வெளியேற வழி உண்டா என்பதும் பார்க்க வேண்டியது. 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் தரையடி நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் தளத்துக்குச் சாமான் வைக்கவும் வண்டி நிறுத்தவும்தான் அனுமதி இருந்தது.

"அதுக்குத்தான் அப்ரூவல் இருக்கே, பேங்க்ல ஆள் வந்து பாக்குறாங்களே" என்று என் அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலி வாங்கிய 11 மாடிக் கட்டிடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது. பக்கத்திலேயே நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நம் பக்கத்து மனைகள் கதை வேறு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது, 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன, கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொண்டார்கள். முறையானது மனை. மண் அதே மண்தான்.

வங்கியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருகிறார். இந்தச் சொத்தை விற்றால் கொடுத்த கடன் திரும்புமா என்பது அவர் கேள்வி. 34 லட்சம் வீட்டுக்கு 20 லட்சம் கடன் என்றால் அடுப்படி கிழிந்தாலும் வங்கிக்கு நஷ்டம் வராது. முதலில் கரையப்போவது எங்கள் 14 லட்சம். தணிக்கைப் பாடத்தில் அறிக்கை யாருக்கு எழுதப்படுகிறது என்று முதலில் பார் என்று சொல்லித் தருவார்கள். அத்தைக்கு அதைத்தான் சொன்னேன்.

சட்டம்? பொருள் விற்பனைச் சட்டத்தில் "வாங்குபவரே விழிப்பாயிரு" என்ற கொள்கையைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். அந்த 1930-ம் வருடச் சட்டம் அசையும் பொருளுக்கு மட்டும். வீட்டுக்கு 1882-ம் வருடச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "சாதாரண கவனம்" என்றால் எவ்வளவு? கிணறு தாய்ப்பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதைப் படித்திருக்க வேண்டியது வாங்குபவரின் சாதாரண கவனமா? எங்கள் வணிகச் சட்ட ஆசிரியரிடம் கேட்டேன். "ரெண்டு பக்கமும் வாதாடலாம்மா, பத்து வருஷம் ஆகும்" என்றார்.

2016-ம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடம் கட்டியவர் பொறுப்பு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கு. நல்ல விதி. ஆனால் 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 செண்டுக்கு, மேற்படாத இடத்தில் கட்டினால் திட்டத்தைப் பதிவே செய்ய வேண்டாம். மூன்றரை செண்ட் மனை ஒன்றை வாங்கி ஒரு வீடு கட்டி விற்பவர் அந்த வலையில் அகப்படுவதில்லை. நம் ஊரில் விற்பனைக்கு வரும் வீடுகளில் பாதி இந்த வகைதான்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது. கிரயப் பத்திரம் பதிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 34 லட்சத்துக்கு 3 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய். அதை முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறோம். ஒரு சிவில் இஞ்சினியரைத் தனியாகக் கூட்டிவந்து அரைநாள் காட்டுவதற்கும், சுவரோரம் ஒரு குழி தோண்டிக் கடைக்கால் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பதற்கும் ஆகும் சில ஆயிரத்தைத்தான் வெட்டிச் செலவு என்கிறோம். குழி தோண்ட விற்பவர் சம்மதிக்க மாட்டார் என்பீர்கள். சிலர் சம்மதிக்கிறார்கள்.

பதினொன்றாவது வீட்டுக்காரர் சம்மதித்தார். போடி ரோட்டில் மேட்டுப்பாங்கான இடம், பட்டாவில் புன்செய், 1994-ல் கட்டிய வீடு. ஓய்வுபெற்ற வாத்தியார். மாமா கடப்பாரையை எடுத்ததும் அவரே மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தார். நாலடியில் சுக்காம்பாறை, அதன் மேல் கருங்கல் கட்டு. பிறகு உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். வீடு கட்டிய செலவுக் கணக்கு. தேதி வாரியாக, பத்தி பிரித்து, கருங்கல் எத்தனை லோடு, சிமெண்ட் எத்தனை மூடை, வானம் தோண்டிய ஆட்களுக்குக் கூலி எவ்வளவு என்று மணியான கையெழுத்தில். "பாறை தட்டியதால் கூடுதல் கூலி" என்று ஒரு வரி. அப்பா அந்த நோட்டைக் கீழே வைக்கவே இல்லை. கணக்கு எழுதுகிறவர்கள் இரண்டு பேர் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே, ஒரு மணி நேரம் பழைய சிமெண்ட் விலையைப் பற்றியே பேசினார்கள்.

அடுப்படி சின்னது. அம்மா உள்ளே போய் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். விலை 38 சொன்னார், 37-க்கு இறங்கியிருக்கிறார். எங்களால் 35-க்கு மேல் போக முடியாது. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மாமா மட்டும் ஐப்பசி மழை ஒன்று விழட்டும், சம்பைக் காலி பண்ணி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்கிறார்.